கருப்பட்டி குடித்த தேனீக்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது மாடிக் கொடியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து வந்தேன். முதுகுப் பக்கம் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் சாய்வாக ஏழெட்டு மஞ்சள் புள்ளிகள். கடுகு அளவுதான், ஒவ்வொன்றுக்கும் சின்னதாக ஒரு வால். என் மனைவி பார்த்துவிட்டு, "மெஷின்ல துரு ஏறிருச்சு போல, ஆளக் கூப்பிடணும்" என்றாள். நான் ஒரு புள்ளியை ஈர விரலால் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனேன். துவைத்த சட்டையை மோந்து பார்க்கிற புருஷனை எந்தப் பெண்ணும் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பாள். "மெஷின் நல்லாத்தான் இருக்கு. இது தேனீ போட்ட எச்சம்" என்றேன். அவள் ஒரு தடவை வானத்தைப் பார்த்தாள், ஒரு தடவை என்னைப் பார்த்தாள், பிறகு வேறு சட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் இப்போது இருப்பது திருச்சியில். தெருக்கோடியில் வேம்பு பூத்திருக்கிறது, பக்கத்தில் எங்கேயோ கூடு இருக்க வேண்டும். துணியில் விழுந்த புள்ளியைப் பார்த்து இதையெல்லாம் சொல்கிற அளவுக்கு இவனுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆனால் கேட்க மாட்டார்கள். நீங்களாவது கேளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். அங்கே ரிசப்ஷனில் வேலை. ரிசப்ஷன் என்பது பெயருக்குத்தான். பல்பு மாற்றுவது, வளவு முற்றத்துக்குள் வௌவால் வந்தால் விரட்டுவது, தரையில் பதித்த பூக்கல்லை எப்படிச் செய்கிறார்கள் என்று வெள்ளைக்காரர்களுக்கு விளக்குவது எல்லாம் நான்தான். பூக்கல் எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்வேன், எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போட்டோ எடுப்பார்கள். எங்கள் வீடு செக்காலை ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பி.காம். படித்த பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையோடு இங்கிலீஷ் பேசுகிற வேலைக்குப் போகிறான் என்று அவருக்கு ஒரே பெருமை. வௌவால் விஷயத்தை நான் வீட்டில் சொன்னதில்லை.

ஹோட்டலுக்குச் சொந்தக்காரரை நாங்கள் எல்லாரும் ஆச்சி என்போம். ஆச்சி என்றதும் பழுத்த கிழவியை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஐம்பது வயதுகூட ஆகியிருக்காது. நெற்குப்பையில் பிறந்து, காரைக்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, சென்னையில் இரண்டு கம்பெனிகளை நடத்திக்கொண்டிருந்தார். மாதம் ஒருமுறை காரை அவரே ஓட்டிக்கொண்டு வருவார். நல்லவர்தான், ஆனால் சில விஷயங்களில் பிடித்த பிடி. அதில் முக்கியமானது சீனி. "வெள்ளச் சீனி இந்த நெலவாசலத் தாண்டி உள்ள வரக் கூடாது தம்பி, அது வெசம்" என்பார். காப்பிக்கு நாட்டுச் சர்க்கரை, பாயசத்துக்கு வெல்லம், சுக்குத் தண்ணிக்குக் கருப்பட்டி. சமையல்காரர் ராமு அண்ணன் தன் வீட்டிலிருந்து சீனி மிட்டாய் வாயில் போட்டுக்கொண்டு வந்தால்கூட வாசலிலேயே மென்று முடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது விருந்தாளி ஒருவர் மேஜையில் இருந்த தேன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது உங்கள் தோட்டத்துத் தேனா என்று கேட்டுவிட்டார். கடையில் வாங்கியது. அன்று சாயங்காலமே ஆச்சியிடமிருந்து போன். "நம்ம தோட்டத்துலயே வச்சா என்ன தம்பி? நீங்கதான் படிச்ச பிள்ளையாச்சே." ஆச்சியிடம் முடியாது என்று சொல்கிற ஆள் எங்கள் ஹோட்டலில் யாரும் இல்லை. அடுத்த வாரம் கன்னியாகுமரிப் பக்கம் ஒருவரிடம் மூன்று நாள் பயிற்சிக்குப் போனேன். பி.காமில் படித்ததில் ஒன்றுகூட அங்கே உதவவில்லை.

மூன்று தேனீப் பெட்டிகளோடு திரும்பி வந்தேன். வாசலில் கம்பி வலை அடித்து, ஈரச் சாக்கு சுற்றியிருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஹோட்டலுக்கு ஆட்டோ பிடித்தேன். கொஞ்ச தூரம் போனதும் ஆட்டோக்காரர் கேட்டார்: "உள்ள என்ன சார், மோட்டாரா? ஒரே எரச்சலா இருக்கு." நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டுதான் ஓட்டினார். காரைக்குடியில் ஒரு ஆட்டோ எல்லா வேகத்தடைக்கும் மரியாதை கொடுத்து ஏறி இறங்கியதை அன்றைக்கு மட்டும்தான் பார்த்தேன்.

பின்கட்டுக்கு வெளியே கிணறு. கிணற்றுக்குப் பக்கத்தில் துவைக்கிற கல். அதற்கு அப்பால் நான்கு வரிசையாகக் கொடி. கொடியைத் தாண்டி முருங்கையும் கொய்யாவும் நிற்கும். அந்த நிழலில்தான் பெட்டிகளை இறக்கினேன். அப்போது கல்லிலிருந்து ஒரு சத்தம் வந்தது: "சேசு மரி சூசை! எங்குட்டுக் கொண்டாந்து வைக்கிறீக? நான் துணி காயப்போடுற எடத்துலயா?"

செலின் அக்கா. ஹோட்டலின் அறைகளுக்கும் துணிகளுக்கும் அவர்தான் பொறுப்பு. அமராவதிபுதூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். கணவர் வயல் பார்த்தார். அப்போது அக்காவுக்கு ஐம்பது இருக்கும். எட்டு அறைகளின் விரிப்பும் உறையும் துண்டும் அவர் கையால்தான் துவைபட்டன. அவர் வெளுப்பைப் பற்றி எழுத எனக்குச் சரியாக வரவில்லை. மத்தியான வெயிலில் அந்தக் கொடிகளுக்கு நடுவே போனால் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும், அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. மடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு விரிப்பையும் இரண்டு முனையில் பிடித்து, கையை உயர்த்தி வெயிலுக்கு எதிரே காட்டிப் பார்ப்பார். ஒரு சின்ன நிழல் தட்டினாலும் திரும்பக் கல்லுக்குப் போகும். அவர் ஊர்ச் சர்ச்சில், பூசை நடக்கிற பீடத்தின் மேல் விரிக்கிற துணிகளையும் அவர்தான் துவைத்துக் கொடுத்தார். அதை மட்டும் வீட்டிலேயே செய்வார், யாரையும் தொட விட மாட்டார். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அது அவர் வேலை.

"கடிக்காதுக்கா, பயப்படாதீக" என்று நான் சொன்ன அதே நொடியில் ஒன்று என் கண்ணுக்குக் கீழே கொட்டியது. மூன்று நாள் ஒற்றைக் கண்ணோடு ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். அக்கா அந்த மூன்று நாளும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போனார்.

முதல் பருவத்தில் தேனீ வளர்க்கிறவன் செய்யக்கூடிய முட்டாள்தனத்தில் நான் எதையும் பாக்கி வைக்கவில்லை. எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டியின் காலுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன், பிறகு ஊற்ற மறந்தேன். புகை போடச் சொன்னார்கள். தேங்காய் நாரில் போட்ட புகைக்குத் தேனீக்கள் அடங்கின, நான் இருமி இருமிப் பெட்டியைக் கீழே போடப் பார்த்தேன். எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, தினமும் திறந்து பார்த்தது. ராணி இருக்கிறதா, முட்டை இருக்கிறதா, நேற்றைக்கு இன்றைக்கு எவ்வளவு கட்டியிருக்கிறது என்று ஒரு தவிப்பு. அக்காதான் ஒருநாள் கல்லில் இருந்தபடியே சொன்னார்: "தெனம் தெனம் கூரையப் பிரிச்சுப் பாத்தா அந்த வீட்டுல யாரு தம்பி குடியிருப்பா?" அன்றோடு வாரம் ஒருமுறை என்று குறைத்துக்கொண்டேன்.

பயந்த அக்காவே ஒரு மாதத்தில் மாறிவிட்டார். தண்ணீர் குடிக்க வந்த தேனீக்கள் அலசுகிற தொட்டியில் விழுந்து செத்துக்கொண்டிருந்தன. அக்கா ஒரு பனை ஓலைத் துண்டைக் கிழித்துத் தொட்டியில் மிதக்க விட்டார். அதன் மேல் வரிசையாக உட்கார்ந்து குடித்தன. அப்படியும் தவறி விழுந்ததை விரல் நுனியால் எடுத்துக் கல்லில் வைப்பார். "காஞ்சு எந்திரிச்சுப் போகட்டும், பாவம்" என்பார். அது ஈரச் சிறகை உலர்த்திப் பறக்கிற வரைக்கும் அந்த இடத்தில் தண்ணீர் தெளிக்காமல் வேறு பக்கம் துவைப்பார். என் தேனீக்களுக்கு என்னைவிட அவர்தான் நல்ல முதலாளி.

சித்திரையில் முதல் தேன் எடுத்தோம். மொத்தமே நாலு பாட்டில். லேசாகக் கசந்தது, வேப்பம்பூ. ஆச்சி அடுப்படியில் நின்று விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு, "நம்ம வீட்டுத் தேன்" என்று மட்டும் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அக்காவுக்கு ஒரு கரண்டி கொடுத்தேன். நக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம தொட்டித் தண்ணியும் இதுல இருக்குல்ல" என்றார்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. பூ இல்லை, வெளியே போக வழியில்லை. மழைக்காலத்தில் சீனிப்பாகு ஊற்ற வேண்டும், சம அளவு வெள்ளைச் சீனியும் தண்ணீரும், என்று பயிற்சியில் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் அந்த வீட்டில் சீனி ஏது? நான் யோசித்தேன். மனுஷனுக்கே சீனி விஷம் என்றால் இத்தனூண்டு பூச்சிக்கு எவ்வளவு விஷம்! நல்ல உடன்குடிக் கருப்பட்டியாக எடுத்துக் காய்ச்சி ஆற வைத்து ஊற்றினேன். ராமு அண்ணன், "மழைக் காலம் தம்பி, சளி புடிச்சுரும்" என்று அதில் கொஞ்சம் சுக்கும் தட்டிப் போட்டார். நீங்கள் சிரிக்கலாம். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை, சரியாகத்தான் சொல்கிறார் என்று தலையாட்டினேன். அதோடு நிற்காமல் சாப்பாட்டு மேஜையில் வைக்கிற அட்டையில், 'மழைக் காலத்தில் எங்கள் தேனீக்கள் உண்பது சுக்குக் கருப்பட்டி' என்று இங்கிலீஷில் எழுதியும் வைத்தேன். விருந்தாளிகள் அதைப் போட்டோ எடுத்தார்கள். ஆச்சி சென்னையிலிருந்து கூப்பிட்டு, "தம்பி, ஒங்களுக்கு மூள இருக்கு" என்றார். அதுவரைக்கும் அப்படி என்னிடம் யாரும் சொன்னதில்லை, என் அப்பா உட்பட.

இரண்டு வாரம் கழித்து, வயதான தம்பதி அறையைக் காலி செய்யும்போது அந்த அம்மா மெதுவாக என்னைத் தனியே கூப்பிட்டுச் செல்போனில் ஒரு படம் காட்டினார். விரிப்பில் பழுப்புப் புள்ளிகள். குறையாகச் சொல்லவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் காட்டினேன் என்றார். அக்காவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்த விரிப்பைக் கொண்டுவந்து வெயிலுக்கு எதிரே பிடித்ததும் முகம் மாறிவிட்டது. "நான் பாத்துத்தானே மடிச்சேன்" என்றார்.

பார்க்காமல்தான் மடித்திருந்தார், ஆனால் அது அவர் தப்பில்லை. மழைக் காலத்தில் வெயில் தலைகாட்டுவதே ஒரு மணி நேரம். அதற்குள் காயப்போட்டு, அடுத்த தூறலுக்குள் ஓடி ஓடி எடுக்க வேண்டும். தூக்கிப் பிடித்துப் பார்க்க வெயிலும் இருக்காது, நேரமும் இருக்காது. அதன் பிறகு அவர் வெளிச்சமில்லாவிட்டாலும் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்க்க ஆரம்பித்தார். துவைத்துப் பிழியும்போது பளிச்சென்று இருக்கும், எடுத்து வரும்போது புள்ளி இருக்கும். சோப்பை மாற்றினார். நீலத்தை மாற்றினார். கிணற்றுத் தண்ணீரில் துரு என்று குழாய்த் தண்ணீரில் அலசினார். காக்காயைச் சந்தேகப்பட்டார், முருங்கைப் பிசினைச் சந்தேகப்பட்டார். கடைசியில் சந்தேகப்பட ஒன்றும் மிச்சமில்லாமல் தன்னையே சந்தேகப்பட்டார். துவைக்கும்போதே கறை இருந்திருக்கிறது, எனக்குத்தான் கண் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

இரண்டாவது புகார் ஆச்சிக்கே நேராகப் போனது. ஆச்சி என்னிடம், "செலினுக்குக் கண்ணு கிண்ணு மங்குதா தம்பி, கேளுங்க" என்றார். நான் அதை அப்படியே கொண்டுபோய் அக்காவிடம் ஒப்பித்தேன். கொஞ்சம் மாற்றியாவது சொல்லியிருக்கலாம். அக்கா மறுநாள் அரை நாள் லீவு போட்டுக் காரைக்குடியில் கண் டாக்டரிடம் போனார். வயசுக்கு ஏத்த கண்ணுதான், ஒண்ணும் கோளாறு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். "டாக்டரு சின்னப் பொண்ணு தம்பி. அதுக்கு என்ன தெரியும்? கறை எங்கண்ணுக்குப் படலயே" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு விரிப்பையும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் மடிப்பார். எத்தனையோ பேருக்குப் படுக்கை விரித்த அந்த அக்கா, ரிசப்ஷன் மேஜைக்கு முன்னால் விரிப்பைப் பிடித்துக்கொண்டு, "பாத்துச் சொல்லுங்க தம்பி" என்று நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வாரம்தான் பெட்டிகளின் முன்பலகை முழுக்கப் பழுப்புக் கோடுகளைப் பார்த்தேன். பயிற்சி கொடுத்தவருக்குப் போன் செய்தேன். கருப்பட்டி என்று சொன்னதும் ஒரு பாட்டம் சிரித்தார். சுக்கு என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அது அதுங்களுக்குச் செரிக்காது. வயித்தால போகுது. ஒடனே நிப்பாட்டிட்டு வெள்ளைச் சீனி குடுங்க. எப்பவுமே கூட்டுக்குள்ள எச்சம் போடாதுங்க, வெயில் அடிச்சதும் வெளிய பறந்து வந்துதான் போடும். ஒரு வாரம் பக்கத்துல துணி எதுவும் காயப்போடாதீங்க" என்றார்.

போனைக் காதில் வைத்தபடியே திரும்பினேன். மழை விட்டு வெயில் வந்திருந்தது. அக்கா வேக வேகமாக விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று பெட்டிகளின் வாசலிலிருந்தும் தேனீக்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. அந்த ஒரு மணி நேர வெயிலுக்காகக் காலையிலிருந்து இரண்டு தரப்பும் காத்திருந்திருக்கிறது.

அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும், பத்தடி தூரம்தான். நான் சொல்லவில்லை. ஏன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். பெட்டிகளை எடுக்கச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். ஆச்சிக்குப் பிடித்த அந்த அட்டை வாசகம் போய்விடும். மூளை இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுவிட்ட காது, அது இல்லை என்று கேட்கத் தயாராக இல்லை. இவ்வளவுதான். பெரிய காரணம் எதுவும் இல்லை. அன்று சாயங்காலம் செக்காலையில் சீனி வாங்கி, மாத்திரைக் கடைப் பையில் ஒளித்துக்கொண்டு மறுநாள் ஹோட்டலுக்குள் போனேன். தேனீக்களுக்குச் சரியாகிவிட்டால் எல்லாம் தன்னால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஆச்சி அதற்குள் முந்திக்கொண்டார். விரிப்பு, உறை எல்லாம் இனிமேல் காரைக்குடியில் மெஷின் வைத்திருக்கிற லாண்டரிக்குப் போகட்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டார். வேன் வந்து மூட்டை கட்டி எடுத்துப் போனது. திரும்பி வந்த விரிப்புகளில் ஒரு புள்ளி இல்லை. எப்படி இருக்கும்? அவை காய்ந்தது காரைக்குடியில். ஆனால் எல்லாருக்கும் அதுவே சாட்சியாகிவிட்டது. "பாத்தீகளா தம்பி, மெஷின்ல போட்டதும் சரியாப்போச்சு" என்றார் ஆச்சி. "ஆமா ஆச்சி" என்றேன்.

அக்காவை யாரும் போகச் சொல்லவில்லை. அறை கூட்டுவது, துடைப்பது என்று வேலை இருந்தது. லாண்டரியிலிருந்து வந்த விரிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதைப் பத்து நாள் பார்த்தேன். பதினோராம் நாள் ரிசப்ஷனுக்கு வந்து சாவிக்கொத்தை வைத்தார். "சொல்லிட்டுப் போறேன் தம்பி. கண்ணு தெரியாதவளுக்கு எதுக்குச் சம்பளம்" என்றார். நான் மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு கேக்கை எடுத்துக்கொண்டு அமராவதிபுதூர் போனேன். உண்மையைச் சொல்லப் போனேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சும்மா பார்த்துவிட்டு வரத்தான் போனேன். அக்கா டீ போட்டுக் கொடுத்தார். பேச ஒன்றும் கிடைக்காமல், "கோயில் வேல எக்கச்சக்கமா இருக்குமேக்கா" என்றேன்.

"பீடத் துணியப் பூராம் வேற ஆளுகிட்டக் குடுக்கச் சொல்லிட்டேன் தம்பி. கறையோட விரிச்சா பாவமில்லையா. எனக்குத்தான் தெரியலயே" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டே.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கருப்பட்டி, சுக்கு, போன், வெயில், பத்தடி தூரம். முடித்ததும் அக்கா, "என்னைக்குத் தெரியும் ஒனக்கு?" என்று கேட்டார். அதுவரைக்கும் என்னை அவர் 'நீ' என்று சொன்னதில்லை. வேன் வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே தெரியும் என்றேன்.

"பத்தடி நடக்க ஒனக்குக் காலு இல்லையாடா? நான் கண்ணு போச்சேன்னு தெனம் அழுகுறேன். எம்புருசனுக்கே தெரியாம அழுகுறேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆச்சிட்டச் சொல்லிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எங்கிட்டச் சொல்றது லேசு. அங்க சொல்லு மொதல்ல."

அவர் முன்னாலேயே போன் போட்டேன். ஆச்சி முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப இப்ப என் வீட்டுக்குள்ள சீனி இருக்கு" என்றார். "இருக்கு ஆச்சி." எதிர்முனையில் பெருமூச்சு கேட்டது. "செலினக் குடுங்க." அக்கா எழுந்து நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனை வாங்கினார். "சொல்லுங்க ஆச்சி... அய்யய்ய, அப்படிலாம் சொல்லாதீக... இல்ல ஆச்சி. வரல ஆச்சி." போனைத் திருப்பிக் கொடுத்தார். ஆச்சி மன்னிப்புக் கேட்டாராம், திரும்பக் கூப்பிட்டாராம். "மெஷின் போட்டுட்டாகல்ல. அதுக்கு நடுவுல நான் எதுக்கு" என்றார். பிறகு என் முகத்தருகே வந்து, "நெசமாச் சொல்லுங்க தம்பி. எங்கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குக்கா. ஒங்க கண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல."

அடுத்த நிமிஷம் செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார், பீடத் துணிகளைத் திரும்ப வாங்க. நான் பாதி டீயோடு உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான்தான் அணைத்தேன்.

அந்த வருஷம் பெட்டிகள் பிழைத்துக்கொண்டன. அட்டையில் அந்த வரியை அடித்துவிட்டேன். அடுத்த மழையில் அடையைத் தின்கிற மெழுகுப் புழு விழுந்து இரண்டு பெட்டி போனது, மூன்றாவது ஒரு காலையில் காலியாகக் கிடந்தது. எனக்குத் திருச்சியில் வேலை கிடைத்தது. ஆச்சி ஹோட்டலை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். கொடி இருந்த இடத்தில் இப்போது நீச்சல் குளம். அதன் படம் எப்போதாவது செல்போனில் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அமராவதிபுதூர்க் கோயில்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. பூசை சாமான்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். தயங்கித் தயங்கிப் பேசினார். செலின் அம்மா துவைத்துக் கொடுக்கிற துணியெல்லாம் மெழுகுக் கறையும் எண்ணெய்க் கறையுமாக வருகிறது, சாமியார் சொல்லக் கூச்சப்படுகிறார். இவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாராம், பக்கத்தில் யாரோ தேனீப் பெட்டி வைத்திருக்கிறார்கள், அதுதான் கறை என்று அக்கா சொல்கிறாராம். "கண்ணக் காட்டுங்கம்மான்னு சொன்னா, 'எங்கண்ணு நல்லா இருக்கு, ரிசப்சன் தம்பியே சொல்லியிருக்கு'ங்கிறாக. அந்தத் தம்பி நீங்கதானே சார்?"

மறுநாளே போனேன். வாசலில் நின்றபோது அக்கா என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் குரல் கொடுத்த பிறகுதான் சிரித்தார். கறுப்பு விழியில் வெள்ளை படர்ந்திருந்தது. கொடியில் பீடத் துணி காய்ந்தது. ஓரம் நெடுக மெழுகு சொட்டிய கறை, வாசலில் இருந்தே தெரிந்தது. "காரைக்குடிக்குப் போயி ஒரு தடவ காட்டிட்டு வந்துருவோமாக்கா? நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"எதுக்குத் தம்பி? நல்லாத்தானே இருக்கு. நீங்கதானே சொன்னீக." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இங்குட்டுத்தான் பக்கத்துல எவனோ பெட்டி வச்சிருக்கான். எனக்குத் தேடத் தெரியல. ஒங்களுக்குத் தெரியுமே, ஒரு நடை பாத்துட்டு வாங்க" என்றார்.

போனேன். நடிப்புக்காகப் போகவில்லை. எப்படியாவது ஒரு பெட்டி இருந்துவிடக் கூடாதா என்றுதான் தேடினேன். ரோட்டோரம் வரிசையாக நின்ற புளியமரங்கள் இல்லை, ரோட்டை அகலப்படுத்தியிருந்தார்கள். ஊருணிக் கரையில் இலுப்பை நின்ற இடத்தில் தண்ணீர்த் தொட்டி. அக்கா வீட்டுக்காரர் பார்த்த வயலில் கல் நட்டுக் கொடி கட்டி மனை போட்டிருந்தார்கள். பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் மாடி இடுக்கில் முன்பு மலைத்தேன் கூடு தொங்கும். அந்த வீட்டையே இடித்து மரத்தையும் தூணையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு முருங்கை பூத்திருந்தது. அதன் அடியில் வெகுநேரம் நின்றேன். எறும்புதான் ஊர்ந்தது.

திரும்பி வந்தபோது அக்கா கொடிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இருந்துச்சா தம்பி?"

"இல்லக்கா" என்றேன். "ஒண்ணுகூட இல்ல."

அக்கா கையை நீட்டிக் கொடியைத் தடவித் தடவித் துணியின் முனையைக் கண்டுபிடித்தார். உருவி எடுத்து, நாலாக மடித்து, என் கையில் வைத்தார்.

"போறப்ப கோயில்பிள்ளைகிட்ட நீங்களே குடுத்துருங்க" என்றார்.